ஏற்கெனவே கற்றுவந்த பிள்ளைகள்: சர்வதேசப் பள்ளியில் 3, 4, 5-ஆம் வகுப்புகள்

மழலையர் வகுப்புக்கு வரும் மூன்று வயதுக் குழந்தை எந்த நாட்டிலிருந்து வந்தாலும் முதல் வாரம் அழும், மூன்றாம் வாரம் விளையாடத் தொடங்கிவிடும். உயர்நிலை மாணவர் வந்தால், தன் நிலைமையைத் தானே எடுத்துச் சொல்லிக்கொள்வார். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார்களே, எட்டு வயது முதல் பதினொன்று வரை உள்ளவர்கள், அவர்கள் பாடுதான் பெரும்பாடு. சொந்த ஊரில் எழுதப் படிக்கக் கற்று, வாய்ப்பாடு மனப்பாடம் செய்து, ஆசிரியர் வந்தால் எழுந்து நிற்பதா உட்கார்ந்திருப்பதா என்பதுவரை பழகி, முழு மாணவராக ஆகிவிட்டவர்கள் அவர்கள். அதற்குப் பிறகு விமானம் ஏறி, கற்றதில் பாதி செல்லுபடியாகாத ஒரு வகுப்பறைக்குள் வந்து உட்காருகிறார்கள். தாங்கள் கெட்டிக்காரர்களாக இருந்தது அவர்களுக்கு நினைவிருக்கிறது. அதைச் சொல்லத்தான் மொழி இல்லை.

ஆகவே இந்த வகுப்புகளை எடுக்கப் போகும் ஆசிரியரின் முதல் வேலை, பிள்ளைக்கு என்ன தெரியாது என்று கணக்கெடுப்பதற்கு முன்பு, என்ன தெரிந்துகொண்டு வந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது. இந்த அத்தியாயம் முழுவதும் அதைப் பற்றியதுதான்.

உதாரணங்களைப் பெரும்பாலும் பாங்காக்கிலிருந்து எடுத்திருக்கிறேன். நம் ஆசிரியர்கள் துபாய், தோஹா, மஸ்கட் என்று பல ஊர்களுக்குப் போகிறார்கள். அங்கே பலரும் சேர்வது சிபிஎஸ்இ பள்ளிகளில் என்பதால் பாடமும் பிள்ளைகளும் பழகியவைதான். பாங்காக் அப்படியல்ல. 1951-இல் இன்டர்நேஷனல் ஸ்கூல் பாங்காக் தொடங்கிய காலத்திலிருந்து சர்வதேசப் பள்ளிகள் அங்கே பெருகி, இன்று அமெரிக்கப் பாடத்திட்டம், பிரிட்டிஷ் பாடத்திட்டம், ஐபி என்று சுருக்கமாக அழைக்கப்படும் இன்டர்நேஷனல் பேக்கலோரியட் என எல்லாம் நடக்கின்றன. ஒரே நான்காம் வகுப்பில் தாய்லாந்து, ஜப்பான், கொரியா, பிரான்ஸ், இந்தியா என்று ஐந்தாறு நாட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது சாதாரணம். நேர்காணலுக்குப் போகுமுன் ஒன்றை நினைவில் வையுங்கள்: அமெரிக்க முறையில் ஐந்தாம் வகுப்பு என்பது பிரிட்டிஷ் முறையில் இயர் 6. இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பேசினால் ஒரு வருட வித்தியாசம் வந்துவிடும்.

பழைய நோட்டைக் கேட்டு வாங்குங்கள்

புதிதாகச் சேரும் பிள்ளையைப் பற்றிப் பள்ளி அலுவலகம் உங்களுக்கு ஒரு கோப்பு தரும். பழைய பள்ளியின் மதிப்பெண் அறிக்கை, சேர்க்கைத் தேர்வின் முடிவு, பல பள்ளிகளில் 'மேப்' என்ற கணினித் தேர்வின் எண். மேப் தேர்வு பிள்ளையின் விடைக்கேற்ப அடுத்த கேள்வியைக் கடினமாகவோ எளிதாகவோ மாற்றிக்கொண்டே போகும். வருடத்தில் இரண்டு மூன்று முறை வைத்து வளர்ச்சியைப் பார்க்கலாம். பயனுள்ள கருவிதான். ஆனால் கேள்வி ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆங்கிலம் வராத பிள்ளையின் கணித மதிப்பெண்ணில் கணிதம் எவ்வளவு, ஆங்கிலம் எவ்வளவு என்று அந்த எண் பிரித்துச் சொல்லாது.

அதனால் பெற்றோரிடம் ஒன்று கேளுங்கள்: போன வருடத்து நோட்டுகளில் இரண்டும், பாடப்புத்தகத்தில் ஒன்றும் கொண்டுவரச் சொல்லுங்கள். மொழி உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. கணக்கு நோட்டைப் படிக்க மொழி அதிகம் வேண்டாம். பிள்ளை பின்னம் வரை போயிருக்கிறதா, கையெழுத்து எப்படி, பத்தி பத்தியாக எழுதிப் பழகியிருக்கிறதா, ஆசிரியர் எவ்வளவு திருத்தியிருக்கிறார் என்பதெல்லாம் புரட்டினாலே தெரியும். அந்த நோட்டைப் பிள்ளையையே உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். பத்து வார்த்தை ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு விரலால் காட்டிக் காட்டி விளக்கும் அந்தப் பத்து நிமிடத்தில், புதிய பள்ளியில் முதல் முறையாக அந்தப் பிள்ளை தெரிந்தவராக நிற்கும்.

இனி நோட்டில் என்ன பார்ப்பது? பிரான்சில் படித்த பிள்ளையிடம் 156-ஐ 12-ஆல் வகுக்கச் சொல்லிப் பாருங்கள். 156-ஐ இடப்பக்கம் எழுதும். அதற்கு வலப்புறம் செங்குத்தாக ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் 12. பன்னிரண்டின் கீழே ஒரு கிடைக்கோடு போட்டு, ஈவு 13-ஐ அதற்கடியில் எழுதும். வியட்நாமில் படித்த பிள்ளையும் இதையேதான் செய்யும். வகுக்கும் எண் இடப்பக்கம் இருந்தே பழகிய ஆசிரியர் அவசரமாகப் பார்த்தால், பிள்ளை எண்களை இடம் மாற்றிப் போட்டுவிட்டதாகத் தோன்றும். விடையோ சரி, வழியும் சரி. அதே பிள்ளை மூன்றரையை 3,5 என்று எழுதும். அங்கெல்லாம் தசமத்துக்குக் காற்புள்ளிதான். ஒன்று என்ற எண்ணுக்கு மேலே நீளமாக ஒரு கொம்பும், ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடும் போடும். கொம்பு வைத்த ஒன்றை ஏழு என்று படித்து மதிப்பெண் குறைத்துவிடாதீர்கள்.

வகுக்கும் முறையை மாற்றச் சொல்ல வேண்டுமா? என் கருத்து, வேண்டாம். நான்காம் ஐந்தாம் வகுப்பில் ஒரு முறை கைவந்துவிட்ட பிள்ளையிடம் அதைப் பிடுங்கி வேறொன்றைத் திணித்தால் இரண்டுமே தடுமாறும். புதிய முறையைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்தால் போதும். செய்வதற்குத் தன் முறையை வைத்துக்கொள்ளட்டும். தசமப் புள்ளி மட்டும் வேறு விஷயம். அது எழுத்து வழக்கு, வகுப்புக்குள் எல்லாருக்கும் ஒன்றாக இருந்தாக வேண்டும், முதல் வாரமே சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

திருத்தும்போது உங்கள் பேனாவையும் கவனியுங்கள். ஜப்பானில் சரியான விடைக்கு வட்டம் போடுவார்கள். நாம் போடும் டிக் அடையாளம் அங்கே தவறு என்பதைக் குறிக்கும். கொரியாவிலும் சரிக்கு வட்டம்தான். பத்துக்குப் பத்து வாங்கிய நோட்டில் பத்து டிக்குகளைப் பார்த்து ஒரு ஜப்பானியப் பிள்ளை முகம் சுண்டினால் காரணம் இதுவாக இருக்கலாம். கொரியர்களின் வழக்கத்தில் உயிரோடிருப்பவர் பெயரைச் சிவப்பு மையால் எழுதுவது ஆகாத காரியம். பெயர்ப் பட்டியல், பிறந்தநாள் அட்டை எதிலும் சிவப்பைத் தவிர்த்துவிடுங்கள். பச்சைப் பேனா ஒன்று வாங்கிக்கொண்டால் இந்தக் கவலையே இல்லை. வருடத் தொடக்கத்தில் உங்கள் திருத்தக் குறிகளைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு பிள்ளையையும் தன் பழைய பள்ளியின் குறிகளைப் பக்கத்தில் வரையச் சொல்லுங்கள்.

ஓர் எண்ணைப் பல மொழியில் படிக்கும் பாடம்

நான்காம் வகுப்பில் பெரிய எண்களின் இடமதிப்பு எல்லாப் பாடத்திட்டத்திலும் உண்டு. சர்வதேசப் பள்ளியில் இந்தப் பாடம் வேறெங்கும் கிடைக்காத வாய்ப்பு. கரும்பலகையில் 350000 என்று காற்புள்ளி இல்லாமல் எழுதுங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தன் வீட்டு மொழியில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே நிறுத்துகிறது என்று அந்தப் பிள்ளையே வந்து ஒரு கோடு போட வேண்டும்.

ஆங்கிலத்தில் யோசிக்கும் பிள்ளை 350-க்கும் 000-க்கும் நடுவில் கோடு போடும். பிரெஞ்சுப் பிள்ளைக்கும் அதே இடம். கொரியப் பிள்ளையும் ஜப்பானியப் பிள்ளையும் 35-க்கும் 0000-க்கும் நடுவில் போடுவார்கள். அவர்களுக்கு எண்ணின் அடுத்த படி பத்தாயிரம். 'முப்பத்தைந்து பத்தாயிரம்' என்பதுதான் அவர்கள் படிப்பது. தமிழ்ப் பிள்ளை அல்லது இந்திப் பிள்ளை 3-க்குப் பிறகு ஒரு கோடும் 50-க்குப் பிறகு ஒன்றும் போட்டு மூன்று லட்சத்து ஐம்பதாயிரம் என்று படிக்கும். தாய்லாந்துப் பிள்ளை வரும்போது வகுப்பு நிமிர்ந்து உட்காரும். தாய்லாந்து மொழியில் பத்தாயிரத்துக்குத் தனிச் சொல், லட்சத்துக்குத் தனிச் சொல், பத்து லட்சத்துக்குத் தனிச் சொல் இருக்கின்றன. மூன்றுக்கு ஒரு கோடு, ஐந்துக்கு ஒரு கோடு என்று ஒவ்வொரு இலக்கத்துக்கும் பெயர் சொல்லிக்கொண்டே போகும்.

இப்போது பலகையில் ஒரே எண், நான்கு விதமான கோடுகள். இதற்குப் பிறகு 'ஏன் ஆங்கிலத்தில் மூன்று மூன்றாகக் காற்புள்ளி வைக்கிறோம்' என்று கேட்டால், அது ஒரு வழக்கம் என்பது பிள்ளைகளுக்கே புரிந்துவிடும். கொரியப் பிள்ளை ஆங்கிலத்தில் பெரிய எண்ணைப் படிக்கத் திணறுவது கணிதம் வராததால் அல்ல என்பதும் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குப் புரியும். அந்தப் பிள்ளை ஒவ்வொரு முறையும் ஓர் எண் முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறது. உண்மையில் மற்றவர்களைவிட ஒரு கணக்கு அதிகமாகச் செய்கிறது.

தேதி எழுதும்போதும் இதே பாடத்தைத் தொடரலாம். தாய்லாந்தில் புத்த ஆண்டு வழக்கில் இருக்கிறது. ஆங்கில ஆண்டோடு 543 கூட்டினால் வரும். 2025 அங்கே 2568. நோட்டின் மேல் 2568 என்று எழுதியிருந்தால் பிள்ளை எதிர்காலத்திலிருந்து வரவில்லை, வீட்டில் பார்த்த நாட்காட்டியிலிருந்து வந்திருக்கிறது. மூன்றாம் வகுப்புக்கு நல்ல கூட்டல் கழித்தல் பயிற்சி இது.

ஆங்கிலம் பேசுகிறது, ஆனால் பாடம் ஏறவில்லை

சர்வதேசப் பள்ளியில் ஆசிரியர்கள் அதிகமாக ஏமாறுவது இங்கேதான். புதிதாக வந்த பிள்ளை சில மாதம் வாயே திறக்காது. பிறகு விளையாட்டுத் திடலில் பேசத் தொடங்கும். ஒன்றரை வருடத்தில் சரளமாகச் சண்டைகூடப் போடும். 'ஆங்கிலம் வந்துவிட்டது' என்று முடிவுகட்டி, மொழி உதவியை நிறுத்திவிடுவார்கள். அப்போது ஐந்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் பிள்ளை பின்தங்கும். சோம்பல் என்று பெயர் வைத்துவிடுவார்கள்.

கனடாவில் ஆய்வு செய்த ஜிம் கம்மின்ஸ் 1979-இல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். அன்றாடம் பேசிப் பழகும் மொழி ஏறக்குறைய இரண்டு வருடத்தில் வந்துவிடும். பாடத்தைப் படித்து, ஒப்பிட்டு, காரணம் காட்டி எழுதுவதற்கான மொழி வருவதற்கு ஐந்து முதல் ஏழு வருடம் ஆகலாம். எட்டு வயதில் வந்த பிள்ளை உங்கள் ஐந்தாம் வகுப்பை முடிக்கும்போதும் பாதி வழியில்தான் இருக்கும் என்று அர்த்தம். இதை மனதில் நிறுத்திக்கொண்டால் பிள்ளையின் மேல் வரும் கோபம் பாதி குறைந்துவிடும்.

வகுப்பில் என்ன செய்யலாம்? முதல் வரைவைத் தன் மொழியில் எழுத விடுங்கள். இது பலருக்குத் தயக்கமாக இருக்கும், பிள்ளை ஆங்கிலத்தைத் தவிர்த்துவிடுமோ என்று. நடப்பது வேறு. தன் மொழியில் எழுதும் பிள்ளை ஒரு பக்கம் யோசிக்கிறது. அதில் மூன்று வரியை ஆங்கிலத்தில் கொண்டுவருகிறது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதச் சொன்னால் மூன்று வரி அளவுக்குத்தான் யோசிக்கும். அடுத்தது, கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது. அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் அளந்து பார்த்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிகூடப் பொறுக்காமல் அடுத்த பிள்ளையிடம் போய்விடுவது தெரிந்தது. மூன்று விநாடி பொறுத்தாலே பதில்கள் நீண்டன, பேசாதவர்கள் பேசினார்கள். மனதுக்குள் மொழிமாற்றம் செய்யும் பிள்ளைக்கு மூன்றும் போதாது. மெதுவாக எட்டு வரை எண்ணுங்கள். பாடத்துக்கு முன் ஆறேழு சொற்களைப் படத்தோடு கொடுத்துவிடுவதும், 'நான் இப்படி நினைக்கிறேன், ஏனென்றால்' என்பது போன்ற வாக்கியத் தொடக்கங்களைப் பலகையில் நிரந்தரமாக வைப்பதும் நீங்கள் எப்படியும் செய்வீர்கள், அவற்றை விரிக்கவில்லை.

பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு, நம் தமிழ்க் குடும்பங்களும் கேட்பார்கள்: 'மேடம், வீட்டிலேயும் இங்கிலீஷ்லயே பேசட்டுமா?' வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அம்மாவோடு யோசிக்கப் பழகிய மொழி நன்றாக இருந்தால்தான் அதன் மேல் இரண்டாவது மொழி நிற்கும். இரவில் தமிழில் கதை படிக்கச் சொல்லுங்கள், கொரியனில் சொல்லச் சொல்லுங்கள், வகுப்பில் அன்று நடந்த அறிவியல் பாடத்தைச் சாப்பிடும்போது வீட்டு மொழியில் விளக்கச் சொல்லுங்கள்.

உங்கள் சொந்த உச்சரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ் சாயலோடு ஆங்கிலம் பேசும் ஆசிரியரைப் பார்த்துச் சில பெற்றோர் முகம் சுளிப்பார்கள். சில பள்ளிகள் விளம்பரத்திலேயே ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் வேண்டும் என்று போடுகின்றன. இது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இரண்டாவது மொழியாக ஆங்கிலத்தைக் கற்றவர் அந்தப் பிள்ளைகள் நடந்துகொண்டிருக்கும் வழியை நடந்து முடித்தவர். எந்த இடத்தில் கால் இடறும் என்று அவருக்குத் தெரியும். நேர்காணலில் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

விசாரித்துக் கற்பது

பிள்ளையே கேள்வி கேட்டு விசாரித்துக் கற்பதுதான் ஐபி பள்ளிகளின் வழி. ஐபி அமைப்பு 1968-இல் ஜெனீவாவில் தொடங்கியது. தொடக்கப் பள்ளிகளுக்கான பிஒய்பி திட்டம் 1997-இல் வந்தது. நாம் யார், காலத்திலும் இடத்திலும் எங்கே நிற்கிறோம், நம்மை எப்படி வெளிப்படுத்துகிறோம், உலகம் எப்படி இயங்குகிறது, நம்மை எப்படி ஒழுங்குபடுத்திக்கொள்கிறோம், பூமியை எப்படிப் பகிர்ந்துகொள்கிறோம் என்ற ஆறு கருப்பொருள்களின் கீழ் பாடங்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் சுமார் ஆறு வாரம். பாடப்புத்தகத்தில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நடத்திப் பழகியவருக்கு முதல் வருடம் தரையில்லாமல் நடப்பது போலிருக்கும்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலில் பணியாற்றியவர்கள் இதில் ஒரு படி முன்னே இருக்கிறார்கள், அது அவர்களுக்கே தெரிவதில்லை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதும் பரவிய முறை அது. பாயில் வட்டமாக உட்கார்ந்து, ஏணிப்படியில் தன் படி எது என்று பார்த்து, அட்டையை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் நகர்ந்த வகுப்பை நடத்தியவருக்குப் பல நிலையில் உள்ள பிள்ளைகளை ஒரே அறையில் வைத்து நடத்தத் தெரியும். சர்வதேசப் பள்ளி கேட்பதும் அந்தத் திறமையைத்தான். உங்கள் விண்ணப்பத்தில் அதை ஒரு வரியாக விட்டுவிடாமல் விவரமாக எழுதுங்கள்.

பிஒய்பியின் கடைசி வருடத்தில் 'எக்ஸிபிஷன்' உண்டு. பிள்ளைகள் குழுவாக ஒரு பிரச்சினையை எடுத்துச் சில வாரம் ஆராய்ந்து, பெற்றோர் முன்னிலையில் வைக்க வேண்டும். இது நன்றாக நடப்பதும் வீணாவதும் முதல் வாரத்தில், கேள்வி உருவாகும் இடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. பிள்ளைகள் முதலில் கொண்டுவருவது 'காற்று மாசு', 'பிளாஸ்டிக்', 'புவி வெப்பமடைதல்' போன்ற தலைப்புகள். அப்படியே விட்டால் இணையத்தில் எடுத்த படங்களும், வீட்டில் பெரியவர்கள் வெட்டி ஒட்டிய அட்டையும்தான் கடைசியில் வரும்.

பாங்காக்கில் ஜனவரி முதல் மார்ச் வரை காற்று கெட்டுப்போகும். வண்டிப் புகை, வயல்களில் வைக்கோலும் கரும்புத் தோகையும் எரிக்கும் புகை, காற்று மேலெழாமல் தேங்கும் பருவநிலை எல்லாம் சேர்ந்து பிஎம் 2.5 என்ற நுண்துகள் ஏறும். அளவு தாண்டினால் பிள்ளைகளை வெளியே விளையாட விடமாட்டார்கள். ஐந்தாம் வகுப்புக்கு இது செய்தித்தாள் விஷயம் அல்ல, தங்கள் கால்பந்தைப் பறித்த விஷயம். அங்கிருந்து தொடங்குங்கள். 'காற்று மாசு' என்று வரும் குழுவிடம், நடந்து போய்ப் பார்க்க முடிகிற கேள்வியாக அதைச் சுருக்கச் சொல்லுங்கள். காலை ஏழு முதல் எட்டு மணி வரை பள்ளி வாசலில் எத்தனை கார்கள் இன்ஜினை அணைக்காமல் நிற்கின்றன? ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம்? ஏன் அணைப்பதில்லை என்று ஓட்டுநர்களிடம் தாய்லாந்து மொழியில் யார் கேட்பது? இந்தக் கடைசிக் கேள்வியில், ஆங்கில வகுப்பில் பின்னால் உட்கார்ந்திருந்த தாய்லாந்துப் பிள்ளை குழுவின் முதல் ஆளாகிவிடுகிறது. ஒரு வாரம் எண்ணினால் வரைபடம் வரையச் சொந்த எண்கள் கிடைக்கும். அப்புறம் வகுத்தல், சராசரி, கடிதம் எழுதுவது எல்லாம் தேவைப்பட்டே வரும்.

விசாரணை என்றால் ஆசிரியர் சொல்லிக் கொடுக்கவே கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. சராசரி எடுக்கத் தெரியாத பிள்ளைக்கு அதை நேராக, படிப்படியாகச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். வாய்ப்பாடும் அப்படித்தான், தினம் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். இங்கிலாந்தில் இயர் 4 பிள்ளைகளுக்கு 12 வாய்ப்பாடு வரை தேர்வே உண்டு. ஜப்பானியப் பிள்ளை ஒன்பது வரை பாட்டுப் போலச் சொல்லும். 10, 11, 12 மட்டும் சேர்த்தால் போதும்.

பெற்றோர்

வீட்டுப்பாடம் பற்றி ஒரே வாரத்தில் இரண்டு விதமான கடிதம் வரும். ஏன் இவ்வளவு குறைவு என்று ஒன்று, ஏன் கொடுக்கிறீர்கள் என்று ஒன்று. இருவருக்கும் ஒரே பதில் எழுதுங்கள்: பள்ளியின் கொள்கை என்ன, இந்தப் பிள்ளை வீட்டில் எதைச் செய்தால் நல்லது. 'மற்ற பிள்ளைகளோடு பார்த்தால் எத்தனையாவது இடம்' என்று கேட்பவர்கள் இருப்பார்கள், நம்மவர்கள் கட்டாயம் கேட்பார்கள். தரவரிசை சொல்லாதீர்கள். ஆகஸ்ட் மாதத்து எழுத்தையும் நவம்பர் மாதத்து எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். கண்ணால் பார்த்த பிறகு இடத்தைப் பற்றிய கேள்வி பெரும்பாலும் திரும்ப வராது.

பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன்னைப் பற்றிய குறையைத் தானே அம்மாவிடம் சொல்லும் நிலையில் பத்து வயதுப் பிள்ளையை நிறுத்துவது கொடுமை. அலுவலகத்தில் முன்கூட்டியே சொன்னால் ஆள் ஏற்பாடு செய்வார்கள்.

பெற்றோர் உங்கள் மேல் வைக்கும் நம்பிக்கைக்குச் சில எல்லைகள் உண்டு. பிள்ளைகளோடு தனியாக மூடிய அறையில் இருக்கக் கூடாது, அவர்களுக்குத் தனிப்பட்ட செய்தி அனுப்பக் கூடாது, புகைப்படத்தைச் சொந்தப் பக்கத்தில் போடக் கூடாது. அடிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. விளையாட்டாகத் தலையில் தட்டுவதும் கூடாது. தாய்லாந்தில் தலை மரியாதைக்குரிய இடம், தொட்டாலே அவமதிப்பு.

வருவதும் போவதும்

சமூகவியலாளர் ரூத் ஹில் யூசீம் 1950-களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்தபோதுதான், பெற்றோரின் நாட்டுக்கும் வாழும் நாட்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு பண்பாட்டில் வளரும் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு தொடங்கியது. உங்கள் வகுப்பில் இருப்பவர்கள் அவர்கள்தான். எந்த ஊர் என்று கேட்டால் பதில் சொல்லத் தயங்குவார்கள். அந்தக் கேள்வியை அறிமுகத்தில் கேட்காதீர்கள். 'இதுவரை எங்கெங்கே இருந்திருக்கிறாய்' என்று கேளுங்கள்.

பள்ளி ஆகஸ்ட்டில் தொடங்கி ஜூனில் முடியும். ஆனால் ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, கொரியாவில் மார்ச்சில், ஆஸ்திரேலியாவில் ஜனவரி கடைசியில். எனவே வருட நடுவிலும் பிள்ளைகள் கிளம்பிக்கொண்டே இருப்பார்கள். மூன்று முறை நெருங்கிய நண்பரை இழந்த பிள்ளை நான்காவது முறை யாரிடமும் ஒட்டாமல் இருந்துவிடும். அதைப் பக்குவம் என்று எண்ணிப் பாராட்டிவிடாதீர்கள்.

இப்படி நாடு மாறி வளரும் பிள்ளைகளைப் பற்றி எழுதிய டேவிட் போலக், ஓர் ஊரை விட்டுக் கிளம்புவதற்கு நான்கு படிகளைச் சொன்னார்: இருக்கும் சண்டையைத் தீர்த்துக்கொள்வது, வேண்டியவர்களுக்கு நன்றி சொல்வது, மனிதர்களிடமும் இடங்களிடமும் முறையாக விடைபெறுவது, போகும் ஊரைப் பற்றி நினைக்கத் தொடங்குவது. வகுப்பில் இதைச் செய்ய இரண்டு வாரம் போதும். முதல் படிதான் தவறவிடப்படுகிறது. கேக் வெட்டுவதற்கு எல்லாரும் நேரம் ஒதுக்குவார்கள். போன மாதம் பேச்சை நிறுத்திய இருவரை உட்கார வைக்க யாரும் ஒதுக்குவதில்லை. அதை நீங்கள் செய்யுங்கள். கிளம்பும் பிள்ளையை மட்டும் கவனித்து, தங்கும் பிள்ளையை மறந்துவிடவும் கூடாது. காலி இருக்கைக்குப் பக்கத்தில் மறுநாள் உட்காரப் போவது அந்தப் பிள்ளைதான். இருக்கைகளை அன்றே மாற்றி அமைப்பது எளிய உதவி.

இருக்கும் ஊருக்குள்

சர்வதேசப் பள்ளிகளில் ஒரு நோய் உண்டு: மதில் சுவருக்கு வெளியே ஊர் இருப்பதையே மறந்துவிடுவார்கள். உங்கள் உதவி ஆசிரியர் பெரும்பாலும் தாய்லாந்துக்காரராக இருப்பார். நீங்கள் வருவதற்கு முன்பே அங்கே இருந்தவர், நீங்கள் போன பிறகும் இருப்பவர். பிள்ளைகள் முன் அவருக்குக் கட்டளையிடாதீர்கள், வாரத் திட்டத்தை அவரோடு உட்கார்ந்து போடுங்கள். தாய்லாந்துப் பிள்ளைகளுக்குப் பதிவேட்டில் நீளமான பெயரும், கூப்பிட பிளாய், ஐஸ், பேங்க் என்பது போன்ற குட்டிப் பெயரும் இருக்கும். எதைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று பிள்ளையிடமே கேளுங்கள்.

ஆசிரியரை வணங்கும் வாய் க்ரூ விழா பொதுவாக ஒரு வியாழக்கிழமையில் நடக்கும். தட்டில் வைத்துப் பிள்ளைகள் கொண்டுவருவதைப் பார்த்தால் நம்மவர்களுக்குத் திகைப்பாக இருக்கும்: அறுகம்புல், கத்தரிப்பூ, இட்லிப்பூ, நெற்பொரி. புல் எங்கும் பரவி வளர்வது போல அறிவு வளரட்டும், கத்தரிப்பூ தலைகுனிந்திருப்பது போலப் பணிவு இருக்கட்டும் என்று அர்த்தம் சொல்வார்கள். உட்கார்ந்து வாங்கிக்கொள்ளுங்கள், கால் நீட்டாதீர்கள். மற்ற நாட்டுப் பிள்ளைகளை முந்தின நாளே தயார்ப்படுத்துங்கள்; மண்டியிட விருப்பமில்லாத குடும்பங்களும் இருக்கும், அவர்கள் நின்று வணங்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஜூன் மாதத்தில்

அடுத்த ஆசிரியருக்கான குறிப்பைக் கடைசி நாளுக்கு ஒத்திப் போடாதீர்கள். மதிப்பெண்கள் கணினியில் இருக்கும், அவற்றைத் திரும்ப எழுத வேண்டாம். எழுத வேண்டியவை இவை: எந்த மொழியில் யோசிக்கிறது, எந்த முறையில் வகுக்கிறது, யாரோடு உட்கார்ந்தால் பேசுகிறது, எதைப் பற்றிக் கேட்டால் கண் மலர்கிறது, இந்த வருடம் எந்த நண்பர் போய்விட்டார். பிள்ளை வேறு நாட்டுக்குப் போகிறது என்றால் அதே குறிப்பை எளிய ஆங்கிலத்தில் ஒரு பக்கமாக எழுதி, சிறந்த இரண்டு நோட்டுகளோடு உறையில் போட்டுப் பெற்றோர் கையில் கொடுங்கள். புதிய பள்ளியில் கேட்காவிட்டாலும் முதல் நாளே வகுப்பாசிரியரிடம் நேரில் தரச் சொல்லுங்கள், அலுவலகத்தில் கொடுத்தால் கோப்புக்குள் போய்விடும்.